கடைக்கு மேலே ஒரு வீடு: மதுரை மேல மாசி வீதி நினைவுகள்

(வீதியின் பழைய குடும்பத்தார் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மேல மாசி வீதியில் பிறந்தும் வாழ்ந்தும் வணிகம் செய்தும் இன்று நகரின் பல திசைகளிலிருந்து இங்கே வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பழைய தெருவைப் பற்றிப் பேச எழுந்தவுடன், "அந்தக் கடை போய்விட்டது, இந்தக் கடை போய்விட்டது" என்று வருந்துவது நம்மில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேல மாசி வீதியில் கடைகள் குறையவில்லை, பெருகியிருக்கின்றன. ஒரு கடை இருந்த அகலத்தில் இன்று மூன்று கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. குறைந்து போனவை குடும்பங்கள். கடைக்குப் பின்கட்டிலும் கடைக்கு மேல் மாடியிலும் இருந்த வீடுகள்தாம் இந்த வீதியை விட்டு வெளியேறின. ஆகவே, நினைவுகளைத் திரட்டப் புறப்பட்டிருக்கும் நாம் கடைப் பெயர்களைப் பட்டியல் போட்டு நிறுத்திவிடக் கூடாது. எந்தக் கடைக்கு மேல் எந்தக் குடும்பம் இருந்தது, அந்தக் குடும்பத்துக்கும் அந்தக் கடைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

இந்த வீதியில் நடந்தவற்றுள் உலகறிந்த நிகழ்ச்சியே ஒரு மாடி வீட்டில் நடந்ததுதான். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மேல மாசி வீதி 251ஏ எண்ணுள்ள இல்லத்தின் மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள், அதுவரை உடுத்திவந்த நீள வேட்டியையும் மேற்சட்டையையும் தொப்பியையும் நீக்கிவிட்டு, ஏழை உழவனைப் போல முழத்துண்டு மட்டும் உடுத்துவது என்று முடிவு செய்து அந்தக் கோலத்திலேயே வெளியே வந்தார். அது ராம்ஜி கல்யாண்ஜி என்ற குஜராத்தி அன்பரின் இல்லம். பின்னாளில் அந்தக் கட்டடத்தில் கதர் விற்பனை நிலையம் அமைந்ததும், வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துச் செல்வதும் உங்களுக்குத் தெரியும். ஆனால், அண்ணல் தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள்? அன்று காலை வாசல் தெளிக்க வந்த எந்த வீட்டுப் பெண் அந்தக் கோலத்தை முதலில் கண்டாள்? ஒரு குஜராத்திக் குடும்பம் பாண்டிய நாட்டுத் தலைநகரின் வீதியில் மாடி வீடு கொண்டு வாழ்ந்ததே வணிகம் அழைத்து வந்த வாழ்வுதான். அந்த வாழ்வைப் பற்றி நாம் எழுதி வைத்திருப்பது என்ன?

இதே வீதியில் உள்ள மதனகோபால சுவாமி கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய மண்டபத்தின் கற்றூண்களை 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் மறைந்தபின், 1919-இல் அவருடைய குடும்பத்தார் அவற்றைப் பிலடெல்பியா கலைக்கூடத்துக்கு வழங்கினர். கடல் கடந்து போன அந்தத் தூண்களில் எந்தச் சிற்பம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுவரை அங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோயில் வாசலில் தலைமுறை தலைமுறையாகத் துளசி மாலை கட்டிக் கொடுத்த வீட்டைப் பற்றி இங்கே ஒரு வரி இல்லை. கல்லுக்குக் கிடைத்த மரியாதை மனிதர்க்குக் கிடைக்கவில்லை என்று நான் குறை சொன்னால், அந்தக் குறை அமெரிக்கரைச் சேராது, நம்மைத்தான் சேரும்.

மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகள் பழைய மதுரைக் கோட்டைக்குள் இருந்த வீதிகள் என்பதை இளையவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். 1840-களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டது. இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவிக்கப்பட்டதால் வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையை முன்னின்று நடத்திய மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் தெருப் பெயர்களாக நிற்கின்றன. பின்னர் ரயில் வந்தது, நிலையத்துக்கு அருகே பஞ்சாலை வந்தது. கோயிலுக்கும் ரயிலடிக்கும் நடுவே மேல மாசி வீதி அமைந்துவிட்டதால், சரக்கும் ஆளும் இந்த வீதியைத் தொடாமல் போக முடியாது என்ற நிலை உண்டாயிற்று. தெலுங்கும் சௌராஷ்டிரமும் குஜராத்தியும் ஒரே குழாயடியில் கேட்ட காலம் அப்படித்தான் உருவானது.

இப்போது ஒரு பேரேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீதியை ஒட்டிய சந்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரின் மகன், பரணை ஒழித்தபோது கிடைத்ததாகச் சொல்லி அதை என்னிடம் காட்டினார். காலிகோ அட்டை, சிவப்பு முதுகு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் லாபம் என்ற சொல்லும், ஓரத்தில் மஞ்சள் தடவிய கறையும் இருந்தன. நயா பைசா வந்த 1957-ஐ ஒட்டிய கணக்கு அது. முன்பக்கங்களில் அணாவும் பின்பக்கங்களில் பைசாவுமாக ஓடுகிறது. நான் ஆட்களின் பெயர்களைத் தேடினேன். பெரும்பாலும் பெயரே இல்லை. "கிணற்று வீடு", "மாடி டீச்சர்", "ரயில்வே வீடு", "மில்காரர் கீழ்க்கட்டு" என்றுதான் பற்று எழுதியிருக்கிறார். கடைக்காரருக்கு மனிதர்கள் வீடுகளாகத்தான் தெரிந்தார்கள்; கடன் வாங்கியது ஓர் ஆளாக இருந்தாலும் நம்பிக்கை அந்த வீட்டின்மேல் இருந்தது. மில்காரர் வீட்டுப் பக்கத்தில் சம்பள நாளுக்கு மறுநாள் தவறாமல் வரவு விழுகிறது. ஒரு மாதம் மட்டும் வரவு இல்லை. அந்த இடத்தில் "பிரசவம், கேட்க வேண்டாம்" என்று பென்சிலால் குறித்திருக்கிறார். அதைக் கடைப் பையனுக்காக எழுதினாரோ தமக்கே எழுதிக்கொண்டாரோ, யார் கண்டது? இப்படிப்பட்ட ஒரு குறிப்பு எந்த நகர வரலாற்று நூலிலும் வராது. ஆனால் இந்த வீதி எப்படி நடந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் எதையும் நான் கண்டதில்லை.

அந்தப் பேரேட்டில் சித்திரை மாதத்துப் பக்கங்கள் மட்டும் தடித்துக் கிடக்கின்றன. காரணத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்பார்கள்; மாதம் மாறினாலும் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கீழ மாசி வீதித் தேரடியிலிருந்து புறப்படும் தேர்கள் மேல மாசி வீதிக்குத் திரும்பும் நேரத்துக்குள், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று எங்கெங்கோ இருந்த உறவுகளெல்லாம் நம் மாடிகளில் நிறைந்துவிடும். யாருடைய மாடி, யாருடைய உறவு என்ற கேள்வி அன்று கிடையாது. வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கடனாகப் போன கணக்கு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பானகம் குடித்தவர்கள் தேரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கடனை அடைக்க வைகாசி முடிந்துவிடும். இன்றும் தேர் வருகிறது, கூட்டமும் பெரிது. கடைக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் வைக்கிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் அட்டைப்பெட்டி அடுக்கிய சன்னல்கள்தாம் தெரிகின்றன.

குடும்பங்கள் ஏன் போயின என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. பாகப்பிரிவினை ஒன்று. "ஒரிஜினல்" என்றோ "ஆதி" என்றோ பெயர்ப்பலகையில் எழுதிய கடையைக் கண்டால், அண்ணன் தம்பிக்குள் எங்கோ ஒரு சுவர் எழும்பியது என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வீட்டுக்குள்ளும் அதே சுவர் எழும்பியது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பழைய வாடகையிலேயே குடியிருந்தவர்களை வெளியேற்ற முடியாத வீட்டுக்காரர்கள் கூரையைப் பழுதுபார்க்கக்கூட மனமில்லாமல் விட்டார்கள். குடியிருந்தவர்களோ தங்களுக்குச் சொந்தமில்லாத சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. மதுரையின் புதிய குடியிருப்புகளான அண்ணா நகரும் கே.கே. நகரும் விரிந்தன. காற்றும் வெளிச்சமும் வண்டி நிறுத்த இடமும் அங்கே கிடைத்தன. போனவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், நானும் போனவன்தான். மாடிக் கட்டைச் சரக்கு அறையாக விட்டால் வரும் வாடகை, அதில் குடியிருப்பதைவிட அறிவுடையதாகத் தோன்றிய காலம் அது.

ஆனால் போகும்போது பாத்திரங்களைக் கணக்குப் பார்த்து எடுத்துப்போன நாம், கல்யாணப் பத்திரிகைகளையும் வாடகை ரசீதுகளையும் பழைய பேரேடுகளையும் எடைக்குப் போட்டுவிட்டோம். எஞ்சியிருப்பவற்றையாவது காப்பாற்றலாம். அழைப்பிதழ் ஒன்று போதும். அதில் கதவு எண் இருக்கும், குடும்பத்தலைவர் பெயர் இருக்கும், "கடை" என்று ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். பெரியவர்களிடம் பேசும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், பொன்னான காலம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "பால் யாரிடம் வாங்கினீர்கள்? பற்று எந்தக் கடையில்? தண்ணீர் நின்றுபோனால் யார் வீட்டுக் கிணறு?" என்று கேளுங்கள். பதில் நீண்டுகொண்டே போகும். சண்டைகளையும் விட்டுவிடாதீர்கள், எந்தச் சாதியார் எந்தத் திண்ணையில் உட்கார முடியவில்லை என்பதும் இந்த வீதியின் கணக்கில் எழுத வேண்டிய பற்றுதான்.

கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் வீதியின் வரைபடத்தை விரித்து வைக்கிறோம். கதவு எண் வாரியாகக் கீழே கடை, மேலே குடும்பம் என்று இரண்டு கட்டங்கள் விட்டிருக்கிறோம். வீதியின் கிழக்கு வரிசையான கீழச்சாரியில் பாதிக்குமேல் நிரம்பிவிட்டது. மேலச்சாரியில் மாடிக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கின்றன. அந்தச் சாரியில் இருந்தவர்கள் தயவுசெய்து காபிக்குப் போகுமுன் முதலில் இங்கே வந்து சேருங்கள், பென்சில் வைத்திருக்கிறோம்.