முதலில் நிலம், அப்புறம் கல்யாணம்

வணக்கம் மக்களே. இதோ, கையில் இருக்கிறதே, இந்தப் புத்தகத்துக்குக் கடைக்காரர் சொன்ன விலை 200. பின்னட்டை கிழிந்திருக்கிறது, முதுகு விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். 150-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார். சரி என்று நடையைக் கட்டினேன். மூன்றாவது கடையைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டார். 90 ரூபாய்! எனக்குப் பேரம் பேச வராது என்று போன வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரையும் பனியும் மரவீடுமாக வரும் மேற்கத்தியக் காதல் கதைகள் என்றால் எனக்கு உயிர். பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அவற்றில் ஒன்றை என்னால் சகிக்கவே முடியாது. நொந்துபோன பெண்ணை ஒருவன் வந்து மீட்டுக்கொண்டு போவான், அவளுக்கென்று ஒரு பிடி மண்கூட இருக்காது. அதனால்தான் எலினோர் ப்ரூயிட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தேன். நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் பெண். கையில் இருக்கும் இந்தப் புத்தகம் கற்பனை இல்லை, அவரே எழுதிய கடிதங்கள்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் வீடு வீடாகப் போய்த் துணி துவைத்துப் பிழைத்தவர். 1909-இல், முப்பது தாண்டிய வயதில், வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரரிடம் வீட்டு வேலைக்குக் கிளம்பினார். ஒரு நாள் ரயில், இரண்டு நாள் குதிரை வண்டி, வழியெல்லாம் உருகும் பனியும் சேறும். ஐயோ, மகளைச் சொல்லாமல் விட்டேனே! ஜெரின், சின்னக் குழந்தை, அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

பண்ணைக்காரர் கிளைட் ஸ்டூவர்ட், மனைவியை இழந்தவர். சாப்பிட்டதும் அறைக்குள் போய்ப் பைக்குழல் வாசிப்பாராம். இரவு ஏழு முதல் பதினொன்று வரை அதே ஒரு பாட்டு. யாரோ வருகிறார்கள், வருகிறார்கள் என்று வரும் பாட்டு அது. 'அவர்கள் சீக்கிரம் வந்து சேர்ந்தால் தேவலை' என்கிற மாதிரி எலினோர் எழுதுகிறார். அந்த வரியிலேயே இவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில், 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை கேட்க முடிந்தது. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமானது. தனித்து வாழும் பெண்ணும் மனுப்போட முடிந்தது, கணவனோடு வாழும் பெண்ணால் முடியவில்லை. எலினோர் என்ன செய்தார் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்பே, ஸ்டூவர்ட் நிலத்தை ஒட்டியே தன் பெயரில் மனுப்போட்டார். அப்புறம்தான் மாலை. வந்து ஆறே வாரம்!

அந்தக் கோடையில் புல் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. குதிரை பூட்டிய புல் அறுக்கும் இயந்திரம் ஓட்ட எலினோருக்குச் சின்ன வயதிலேயே தெரியும், சொல்லத்தான் கூச்சம். ஸ்டூவர்ட் ஆள் தேடிப் போன நேரத்தில் தானே ஏறி உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்த மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு இதுதான் காதல் காட்சி, இதற்கு மேல் வேண்டாம்.

இந்தக் கடிதங்கள் எல்லாம் டென்வரில் முன்பு வேலை பார்த்த வீட்டுத் திருமதி கோனிக்கு எழுதியவை. கல்யாணம் ஆனதை அவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் சொல்லவே இல்லை. 1910 ஏப்ரலில்தான் ஒப்புக்கொள்கிறார். அவசரத்தில் கட்டிக்கொண்டதற்காக வருந்தவில்லை, வருந்த நேரமும் இல்லை என்கிறார். சரியாக அந்தக் கடிதம் இருக்க வேண்டிய எட்டுப் பக்கம் என் புத்தகத்தில் இல்லை! பேரத்தில் அட்டையைப் பார்த்தேனே தவிர உள்ளே புரட்டவில்லை. நல்லவேளை, 1914-இல் வந்த நூல், காப்புரிமை முடிந்துவிட்டது. இரவு ஒரு மணிக்குப் போனில் தேடிப் படித்து முடித்தேன்.

இன்னொன்று. நூலின் முன்குறிப்பு, அவர் ரயில் விபத்தில் கணவனை இழந்தவர் என்கிறது. உண்மையில் மணவிலக்கு என்று ஆய்வாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். பொய்க்காரி என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். விட்டு வந்த வாழ்க்கைக்கு என்ன பெயர் வைப்பது என்பது அவர் பாடு. 1912-இல் தன் பெயரில் போட்ட அந்த நில மனுவையும் விட்டுக்கொடுத்தார், நிலம் மாமியார் பெயருக்குப் போயிற்று. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு கடிதத்தை மட்டும் சத்தமாகப் படிக்க என்னால் முடியவில்லை. அவர்களுடைய ஆண் குழந்தை ஜேமி இறந்துபோகிறான். ஸ்டூவர்ட் பெட்டி செய்கிறார், எலினோர் அதற்கு உள்ளே துணி தைக்கிறார். பக்கத்தில் பாதிரியார் யாரும் இல்லை, அதனால் அடக்க ஆராதனைக்கான வேதப் பகுதியையும் தாயே தேர்ந்தெடுக்கிறார்.

அவருடைய எல்க் (பெரிய மான்) வேட்டைக் கடிதங்கள் 1915-இல் தனி நூலாக வந்தன. அதே கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை பக்கம் பக்கமாக எண்ணிவிட்டுத்தான் பணம்.