நாரை இரை தேடும் வயல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏரி, குளங்களைப் பயன்படுத்துவதா, பாதுகாப்பதா என்று பேச அழைத்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஏரி. மொத்தமே சுமார் 30 ஹெக்டேர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பியதும் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் அந்தக் கரையில் நின்றிருந்தேன். எதிர்மரத்தில் ஒரு நத்தைக்குத்தி நாரை வந்து இறங்கியது. அதன் அலகு முழுசாக மூடாது, நடுவில் சந்து இருக்கும். குஞ்சுகள் கத்த, தொண்டையிலிருந்த இரையைக் கூட்டில் கக்கியது. கீழே இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். அது ஏரியில் கரைந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரோடு வந்துவிடும், தனியாக உரம் அதிகம் போட வேண்டாம். அந்த ஊர் விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

தெரிந்ததால்தான் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டு, 1798-ல் வேட்டைக்குத் தடை வாங்கினார்கள். வனத்துறை என்ற ஒன்றே இல்லாத காலம் அது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல் 2022-ல் சேர்ந்ததற்கு அந்த மக்கள்தான் முதல் காரணம் என்பேன்.

அப்புறம், இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாரைக்கு இரை பெரும்பாலும் அந்த ஏரியில் கிடைப்பதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல் வயல்களிலும்தான் பொறுக்குகிறது. அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரையுள்ள பகுதியையும் சரணாலயத்தில் சேர்த்தார்கள். அதைச் சுருக்கலாம் என்று 2020-ல் ஒரு யோசனை வந்தபோது மனசு பதறியது. வீட்டை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையை இடிப்பதா? நல்லவேளை, எதிர்ப்பு கிளம்பி அது நின்றது.

ஆனால் பெயர்ப்பலகை இல்லாத சாதாரண ஏரிகளை யார் பார்க்கிறார்கள்? கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பது நம் பழைய வழக்கம், ஏரிக்கும் நல்லது. அதையே சாக்காக வைத்து, பொக்லைன் இறக்கி 15 அடி, 20 அடிக்குக் குழி தோண்டுகிறார்கள். அந்த ஆழத்தில் நாரைக்குக் கால் ஊன்ற இடமில்லை. சரி, விவசாயிக்காவது உதவுமா? அதுவும் இல்லை. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீர் வயலுக்குப் பாயாது. பறவைக்கும் இல்லை, பயிருக்கும் இல்லை.

உங்கள் ஊர் ஏரியில் மண் எடுக்க வண்டி வந்தால், எத்தனை அடி ஆழம் என்று போய்க் கேளுங்கள். மதகு மட்டத்தைத் தாண்ட விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.