பெரோக்கும் பூனையும்

(மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இப்போதுதான் பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் குற்றம் என்னுடையது.

போன வாரம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். 513 படியில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, பக்கத்தில் வந்த அம்மாவின் பையிலிருந்து ஒரு குரங்கு வாழைப்பழச் சீப்பை எடுத்தது. பிடுங்கவில்லை, வீட்டுப் பிள்ளை மாதிரி உரிமையோடு எடுத்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் வளர்ப்புக் குரங்கு மாதிரி ஆயிடுச்சுங்க ஐயா" என்றார். மேலே ஏறி முடிக்கும்வரை அந்தச் சொல்லே மனதில் ஓடியது.

அது வளர்ப்புக் குரங்கு இல்லை. மனிதனைக் கண்டு பயம் விட்டுப்போன காட்டுக் குரங்கு. கிளந்தான் பக்கம் தேங்காய் பறிக்கும் பெரோக் என்ற குரங்கைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருந்து ஆள் குரல் கொடுப்பார், மேலே அது முற்றின காயாகப் பார்த்துத் திருகிப் போடும். அவ்வளவு பழக்கம். ஆனால் அதற்கு ஒரு குட்டி பிறந்தால் அந்தக் குட்டியை ஆனா ஆவன்னாவிலிருந்து பழக்க வேண்டும். யானையும் அப்படியே. கோயிலிலும் போரிலும் எத்தனையோ நூற்றாண்டுகள் நம்மோடு இருந்தும், பெரும்பாலும் காட்டில் பிடித்துப் பழக்கியவைதான். பழக்கம் அந்த ஒரு உயிரோடு போய்விடும். வளர்ப்பினம் என்பது ரத்தத்தில் இறங்கிய சமாச்சாரம்.

சரி, ரத்தத்தில் எப்படி இறங்கும்? 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயேவ் என்ற அறிஞர் அதைச் செய்து பார்க்கத் தொடங்கினார். கூடவே லுத்மிலா துருட் என்ற பெண்மணி. ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த வெள்ளி நரிகளை எடுத்துக்கொண்டார்கள். கூண்டருகே கையை நீட்டினால் எது கடிக்காமல், ஓடி ஒளியாமல் நிற்கிறதோ அதற்குத்தான் அடுத்த தலைமுறையில் இடம். நிறம், காது, வால் எதையும் பார்க்கவில்லை. சில தலைமுறைகளிலேயே குட்டிகள் வாலாட்டின, கையை நக்கின. கொஞ்ச காலத்தில் சிலவற்றுக்குக் காது தொங்கியது, வால் சுருண்டது, நெற்றியில் வெள்ளைத் திட்டு வந்தது. யாரும் கேட்காத காது! கருவில் ஒரே இடத்தில் தோன்றும் உயிரணுக்கள்தான் பயத்தின்போது வேலை செய்யும் அட்ரினல் சுரப்பிக்கும், தோலின் நிறத்துக்கும், காதின் குருத்தெலும்புக்கும் போகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசைகிறது என்பது ஒரு விளக்கம். அந்தப் பண்ணை நரிகளிடம் இந்த அடையாளங்களில் சில முன்பே இருந்தனவே என்று பின்னால் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குணம் மாறியது மட்டும் மாறியதுதான்.

நாய்க்கு வருவோம். எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நாய்களுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். ஓநாய்க்கு அந்தச் சாப்பாடு ஒத்துவராது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு அதற்குப் பெரும்பாலும் 2 பிரதிதான் உண்டு. நாய்களுக்கு 4 முதல் 30 வரை என்று 2013இல் கண்டார்கள். நம் பானைச் சோறு அதன் உடம்பையே மாற்றியிருக்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்தது புடாபெஸ்ட்டில் நடந்த ஒரு சோதனை. எட்டாத இறைச்சியை எடுக்க, மனிதர் கையில் வளர்ந்த ஓநாய் விடாமல் மல்லுக்கட்டியது. நாய் கொஞ்சம் முயன்றது, அப்புறம் திரும்பி மனிதனின் முகத்தைப் பார்த்தது.

பூனை அப்படி முகம் பார்க்கிற ஜாதி இல்லை. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுக்கு முந்தைய மனிதப் புதைகுழியின் அருகில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அத்தனை காலம் ஆகியும் உடம்பில் அது காட்டு மூதாதையைவிட்டு அதிகம் விலகவில்லை. ஒன்று மட்டும் செய்தது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்பது அபூர்வம். தாயிடம் குட்டி பேசும் அந்தப் பேச்சை ஆயுள் முழுக்க நம்மிடம் பேசுகிறது.

பழந்தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று தனிப்பெயர் உண்டு, காட்டுப் பசுவுக்கு ஆமா. காட்டினத்தையும் வீட்டினத்தையும் நம் ஆட்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நான்தான் ஒருமுறை குழம்பினேன்.

நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில் எனக்குப் பத்து வயது. தோட்டத்துக் கங்காணியான மண்டோர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டிலிருந்து புள்ளி போட்ட ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மலாய்க்காரர்கள் கூச்சிங் பத்து என்பார்களே, அந்தக் காட்டுப்பூனை. இன்று சட்டம் பாதுகாக்கும் விலங்கு. அன்று எங்களுக்கு அது புள்ளிப் பூனை, அவ்வளவுதான். புட்டிப்பால் கொடுத்தேன். மூன்று மாதம் என் சட்டைக்குள் தூங்கியது. அப்புறம் ஒருநாள் தொடப்போனேன், இதோ, இந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பகல் முழுவதும் அலமாரிக்கு மேலேயே கிடக்கும். ஒரு ராத்திரி சன்னல் வழியாகச் செம்பனைக்குள் இறங்கிப் போய்விட்டது.

எங்கள் வீட்டுக் கருப்பாயி, வால் நுனி முடிச்சுப் போட்ட மாதிரி மடங்கின பூனை, அதே சன்னலில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இறங்கி, அடுப்படியில் இருந்த அம்மாவின் காலடிக்கு வந்து, மியாவ் என்றது.