பட்டன் சக்கரம் ஏன் ஆடுது, நூல் ஏன் அறுந்துபோகுது?

அடுத்த கேள்விக்கு வருவோம். "சோடா மூடியைத் தட்டி, ரெண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விர்ர்ருனு சுத்தவிடுற சக்கரம் செஞ்சேன். ஒரு பக்கமா ஆடுது, நாலு இழுப்புல நூல் அறுந்துடுது. செல்போன் பார்க்கிற பிள்ளைங்க இதையெல்லாம் விளையாடுவாங்களா?"ன்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்த சோடா மூடியை விட்டுடுங்க. விளிம்புல 21 பல் இருக்கு. தட்டித் தட்டையாக்கினா அத்தனையும் கூரா வந்துடும், சுத்துற வேகத்துல விரல்ல பட்டா வெட்டிடும். நூல் அறுறதுக்கும் மூடிதான் காரணம். ஆணி அடிச்ச ஓட்டைக்குப் பின்பக்கம் தகரம் பிசிறா எழும்பி நிக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் அது நூலைக் கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். கோட்டுல தைக்கிற பெரிய பட்டன் எடுத்துக்கங்க, 25லேருந்து 30 மில்லிமீட்டர் அகலம் போதும். அதுல ஓட்டை வழவழன்னு இருக்கும்.

நாலு ஓட்டை பட்டன்னா, குறுக்கால எதிரெதிரா இருக்கிற ரெண்டு ஓட்டையில கோக்கணும். பக்கத்துப் பக்கத்து ஓட்டையில கோத்தா பட்டனோட நடு ஒரு ஓரமா தள்ளிப்போயிடும், அப்புறம் ஆடத்தான் செய்யும். உங்க மூடியும் அதனாலதான் ஆடியிருக்கும். ஓட்டை ரெண்டும் மையத்திலேருந்து சம தூரத்துல விழலை.

நூல் 1 மீட்டர் எடுங்க, நல்லா முறுக்கின பருத்தி நூல். தையல் நூல் ரொம்ப மெல்லிசு, தாங்காது. நைலான்ல முடிச்சு வழுக்கும். ஒரு ஓட்டையில விட்டு மறு ஓட்டையில வாங்கி, ரெண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடுங்க. அந்த முடிச்சு விரல்கிட்ட இருக்கணும், பட்டன்கிட்ட வரக்கூடாது.

இப்போ சுத்துற விதம். நிறைய பேர் இங்கதான் விட்டுடுறாங்க. ரெண்டு கை விரல்லயும் நூலை மாட்டி, பட்டனை நடுவுக்குக் கொண்டுவந்து, கயிறாட்டம் ஒரே பக்கமா 20, 30 தடவை சுழட்டுங்க. முறுக்கு ஏறிடும். இழுத்தா முறுக்கு பிரியும், பட்டன் சுத்தும். நூல் நேராகிற நேரத்துல கையைத் தளர்த்திடணும். பட்டன் போன வேகத்துலயே தானா எதிர்ப்பக்கம் முறுக்கிக்கும். மறுபடி இழுங்க. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி, ஒவ்வொரு இழுப்புக்கும் வேகம் கூடும். தளர்த்தாம இறுக்கிப் பிடிச்சீங்கன்னா நூல் முறுக்க இடமில்லாம பட்டன் அங்கேயே நின்னுடும்.

பிள்ளைங்க விளையாடுவாங்களான்னா, கண்டிப்பா விளையாடுவாங்க, அந்தத் தாளம் மட்டும் ஒருதரம் பிடிபடணும். நூல் விரலை உள்ளே இழுக்கிறது தெரியும், 'உம்ம்'னு ஒரு சத்தம் ஏறி இறங்கும். எப்போ தளர்த்தணும்னு வாயால சொல்லிப் புரியவைக்க முடியாது, விரல்தான் கண்டுபிடிக்கும். தப்பு பண்ணினா அந்த நொடியே தெரிஞ்சிடும், அடுத்த இழுப்புல திருத்திக்கலாம். திரையைத் தொடுறதுல விரலுக்கு இந்தப் பதில் கிடைக்காது.

இது சின்னப்பிள்ளை விளையாட்டுன்னு ஒதுக்கிடவும் வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மனு பிரகாஷ் குழு இதே தத்துவத்துல காகிதத் தட்டு வச்சு, ரத்தத்துலேருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கிற கருவி செஞ்சாங்க. 2017ல வெளியிட்டாங்க. நிமிஷத்துக்கு 1,25,000 சுற்று வரைக்கும் போச்சு, மின்சாரமே இல்லாம.

அட்டையிலயும் செய்யலாம். 6 சென்டிமீட்டர் அகலத்துல மூணு வட்டம் வெட்டி ஒட்டுங்க. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி மையத்துல குண்டூசி குத்தி, தளர்வாக்கி, செங்குத்தா சுழலவிடுங்க. எப்பவும் கீழே வந்து நிக்கிற பக்கம்தான் கனம். அதுக்கு எதிர்ப்பக்கம் துளி டேப் ஒட்டினா சமன் ஆயிடும். அப்புறம் ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல 6லேருந்து 8 மில்லிமீட்டர் விடுங்க. அதைவிடக் கிட்டக்க போட்டா நடுவுல அட்டை கிழியும்.

மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகிட்ட பட்டன் கொடுக்காதீங்க, முழுங்கிடும். மத்தவங்க முடியைக் கட்டிக்கிட்டு, முகத்துக்கிட்ட கொண்டுபோகாம சுத்தட்டும்.