படுக்கையில் புரண்டால் சுழல்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

தலைசுற்றல் என்றதும் நம் வீடுகளில் முதலில் வருகிற சொல் பித்தம். எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பிறகு ‘பிரஷர் குறைந்திருக்கும்’ என்று கொஞ்சம் உப்பு. இயன்முறை மருத்துவராக நான் பார்க்கிற பலர் இவை எல்லாவற்றையும் கடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்து சேருகிறார்கள்.

65 வயது அம்மா ஒருவர் அப்படித்தான் வந்தார். வலப்பக்கம் புரண்டு படுத்தால் கட்டிலே சுழல்கிறது. பரணைப் பார்க்க அண்ணாந்தாலும் சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. அந்தப் பயத்தில் மூன்று தலையணை அடுக்கித் தூங்கினார். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினார்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் ஒரு படலத்தின் மேல் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ அவை உதிர்ந்து, தலை திரும்புவதை உணர்கிற அரைவட்டக் குழல்களுக்குள் புகுந்துவிடலாம். அப்போது தலை சற்றே சாய்ந்தாலும் குழலின் திரவம் தேவையில்லாமல் நகரும். ‘சுழல்கிறோம்’ என்று காது சொல்லும். ‘இல்லை’ என்று கண் சொல்லும்.

அந்த அம்மாவின் தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, விரைவாக மல்லாக்கப் படுக்க வைத்து, தலை மேசை விளிம்புக்கு வெளியே சற்றுத் தாழும்படி தாங்கிக்கொண்டேன். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கருவிழிகள் முறுக்கிக்கொண்டு துடிக்கத் தொடங்கின. என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். துடிப்பு அடங்கியதும் தலையை இடப்பக்கம் திருப்பினேன். அடுத்து இடத் தோளின் மேல் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கும்படி. கடைசியில் எழுந்து உட்கார வைத்தேன். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்தோம். துகள்கள் குழலை விட்டு உருண்டு வெளியேறத்தான் இத்தனையும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கிய முறை இது. இதைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1992இல் வெளியானது. எந்தக் காது, எந்தக் குழல், கழுத்து இதைத் தாங்குமா என்று தெரியாமல் வீட்டில் நீங்களாகச் செய்துபார்க்காதீர்கள்.

சுழற்சி நின்றது. ஆனால் அடுத்த வாரமும் அந்த அம்மா பலகை போலத்தான் திரும்பினார். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். அசையாமல் இருந்தால் கழுத்து இறுகும், நடை தளரும், கீழே விழும் ஆபத்து கூடும். தலைசுற்றலை அடக்கும் மாத்திரை முதல் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தக்கூடும். அப்படி விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் மறுபடி ஒருமுறை கேளுங்கள். 1940களிலேயே இங்கிலாந்தில் காத்தார்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் படுக்க விடாமல் கண், தலை, உடம்பு என்று படிப்படியாக அசைய வைத்தார்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த பயிற்சிக்குத் தேவைப்பட்டது தினசரி நாட்காட்டி மட்டும். அதைக் கண் மட்டத்தில் மாட்டச் சொன்னேன். தேதியின் மேல் பார்வையை நிறுத்தி, எண் கலங்காத வேகத்தில் தலையை இட வலமாக ஒரு நிமிடம் அசைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. லேசாகக் கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பில்தான் மூளை பாடம் கற்கிறது. பிறகு சுவர் மூலையில், முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, கால்களைச் சேர்த்து நிற்கும் பயிற்சி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தலைசுற்றலோடு வாய் குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, எந்தப் பயிற்சியும் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

அந்த அம்மாவின் மூன்று தலையணை இப்போது ஒன்றாகிவிட்டது. சென்ற வாரம் வாசலில் நின்று கூப்பிட்டேன். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். நாற்காலியில் ஏறிப் பரணைத் தொடுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.