விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர், அவரும் பேஸ் வாசித்ததே இல்லை: கிம் டீலின் கதை

[திரை கருப்பு. பேஸ் கிட்டார் ஒலி மட்டும்.]

1986, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அங்கே வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையில் சின்ன வரி விளம்பரம். புதிதாகத் தொடங்கும் இசைக்குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேவை. வருபவருக்கு ஹஸ்கர் டூவையும் பிடிக்க வேண்டும், பீட்டர் பால் அண்ட் மேரியையும் பிடிக்க வேண்டும். முன்னது காதைக் கிழிக்கும் பங்க், பின்னது அமைதியான நாட்டுப்புற இசை. கடைசியில் ஒரு நிபந்தனை: வித்தை காட்டுகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

அத்தனை பெரிய நகரத்திலிருந்து அதைப் பார்த்து வந்தவர் ஒரே ஒரு பெண். வெறுங்கையோடு வந்தார். அவர் கிட்டார் வாசிப்பவர். பேஸ் அதுவரை வாசித்ததே இல்லை. ஆனாலும் அவரையே சேர்த்துக்கொண்டார்கள்!

அந்தப் பெண்தான் கிம் டீல். அந்தக் குழு பிக்ஸீஸ். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்கு மிகவும் பிடித்த 50 ஆல்பங்களைத் தன் நாட்குறிப்பில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். அதில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் வெவ்வேறு குழுக்களின் ஆல்பங்களுக்கு. இரண்டிலும் இருக்கும் ஒரே இசைக்கலைஞர் கிம் டீல். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

[திரையில்: ஒஹாயோ மாநில வரைபடம், டேட்டன் நகரம்.]

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1961 ஜூன் 10, ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன். அப்பா இயற்பியலாளர், அருகிலிருந்த விமானப்படைத் தளத்தில் வேலை. கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி கெல்லி. பதின்வயதில் இருவரும் லாரி ஓட்டுநர்கள் தங்கிச் செல்லும் இடங்களிலும் மதுக்கூடங்களிலும் பாடினார்கள். படுக்கையறையிலேயே ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துப் பாட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு கிம் மருத்துவத் தொழில்நுட்பம் படித்தார், ஜான் மர்பியை மணந்து பாஸ்டனுக்குக் குடிபோனார். அவ்வளவுதான்.

குழுவில் சேர்ந்ததும் முதல் சிக்கல், கையில் பேஸ் இல்லை. கெல்லியிடம் ஒன்று இருந்தது. அதைக் கடன் வாங்கிக்கொண்டார். குழுவுக்கு டிரம்மரும் இல்லை. கிம்மின் கணவர் டேவிட் லவரிங் என்பவரின் பெயரைச் சொன்னார். அவரைக் கிம் முதன்முதலில் சந்தித்தது தன் சொந்தத் திருமண வரவேற்பில்! பாட்டும் கிட்டாரும் பிளாக் பிரான்சிஸ், முன்னணிக் கிட்டார் ஜோயி சாண்டியாகோ, டிரம்ஸ் லவரிங், பேஸ் கிம். பிக்ஸீஸ் தயார்.

[திரையில்: பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகள், அருகில் காட்சி.]

பேஸ் என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். சாதாரண கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, சுமார் 41 முறை. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. கச்சேரியில் தம்பூரா சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பாடகர் எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது, இல்லையா? ராக் இசையில் பேஸ் அந்த இடத்தையும் தருகிறது, கூடவே தாளத்தையும் சுமக்கிறது. இதைச் செய்யத் தெரிந்தவர்களில் பலருக்கு இதை மட்டும் செய்துகொண்டிருக்கப் பொறுமை கிடையாது. கை துறுதுறுக்கும். இடைவெளி தெரிந்தால் நான்கு ஸ்வரங்களைக் கூடுதலாக நுழைப்பார்கள். கிம் அப்படிச் செய்வதில்லை. அவருடைய கலையே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஹெட்போன் மாட்டச் சொன்னேன் அல்லவா? 1988இல் வந்த பிக்ஸீஸின் ‘சர்ஃபர் ரோசா’ (கோபேன் பட்டியலின் இரண்டாம் இடம்) ஆல்பத்தில் ‘ஜைகான்டிக்’ என்ற பாட்டைப் போடுங்கள். கிம்மும் பிளாக் பிரான்சிஸும் சேர்ந்து எழுதியது, பாடுவது கிம்.

[திரையில்: ஒலி அலை. பேஸ் மட்டும் நகர்கிறது.]

பேஸ் தனியாக வருகிறது. விரலால் மீட்டுவதில்லை, பிக் என்ற சிறு தகட்டை வைத்து அடிக்கிறார். அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் முனையிலும் ‘டக்’ என்று ஒரு சின்ன உரசல் கேட்கும். ஒரே அளவு இடைவெளி, ஒரே அளவு அழுத்தம். மேலும் கீழும் குதிப்பது இல்லை, அலங்காரம் இல்லை. கிட்டார் கற்கத் தொடங்கியவர்கூட ஒரு பிற்பகலில் விரல்களைப் பழக்கிவிடலாம். அதன்மேல் அவர் குரல் மிக நெருக்கமாக, காதருகே ரகசியம் சொல்வதைப்போல வருகிறது. பல்லவியில் கிட்டார்கள் இரண்டும் உடைந்து கொட்டுகின்றன, டிரம்ஸ் அதிர்கிறது, எல்லோரும் கத்துகிறார்கள். மறுபடி சரணம் வரும்போது எல்லாம் விலகிவிட, பேஸ் மட்டும் அங்கேயே நிற்கிறது. இரைச்சல் வந்துபோனதை அது சட்டை செய்யவே இல்லை.

மெதுவாகத் தொடங்கி, திடீரென்று வெடித்து, மறுபடி அடங்குவது. இந்த அமைப்பைத்தான் 90களில் உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டது. நிர்வாணாவின் மிகப் பிரபலமான பாட்டை எழுதும்போது பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் முயன்றதாகக் கோபேனே பேட்டியில் ஒப்புக்கொண்டார். இந்த முறையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பிளாக் பிரான்சிஸின் அலறலைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குறை உண்டு. அலறல் பயமுறுத்த வேண்டுமானால் அதற்கு முன்னால் இருக்கும் அமைதியில் நாம் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைத் தருபவர் பேஸ் வாசிக்கும் பெண். அவரை விட்டுவிட்டு எப்படி இந்தக் கதையைச் சொல்ல முடியும்?

இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. ஸ்டூடியோ இயந்திரங்கள் உண்டாக்கும் செயற்கை எதிரொலி அவருக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கிம்மை ஸ்டூடியோவின் குளியலறைக்குள் நிற்கவைத்துப் பாடச்சொன்னார்! ‘ஜைகான்டிக்’ குரல் அங்கே பதிவானதுதான். ‘வேர் இஸ் மை மைண்ட்’ பாட்டின் பின்னணியில் ‘ஊ... ஊ...’ என்று ஓர் ஆவி போல மிதக்கிறதே, அதுவும் அங்கே பதிவானதுதான். 1999இல் வெளியான ‘ஃபைட் கிளப்’ படத்தின் கடைசிக் காட்சியில் கட்டடங்கள் சரியும்போது ஒலிப்பது அந்தப் பாட்டே. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு அது யார் என்று தெரியும்? உங்களுக்குத் தெரிந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவேன்.

அந்த ஆல்பத்தின் உறையில் தேடினாலும் கிம் டீல் என்ற பெயர் கிடைக்காது. ‘திருமதி ஜான் மர்பி’ என்றுதான் இருக்கும். தன்னைக் கணவர் பெயரால் மட்டுமே அழைக்க வேண்டும், அதுவே மரியாதை என்று சொன்ன ஒரு பெண்மணியோடு பேசிய பிறகு கிம் வைத்துக்கொண்ட கேலிப்பெயர் அது. விவாகரத்துக்குப் பிறகு அந்தப் பெயர் போய்விட்டது.

[திரையில்: பிக்ஸீஸ் ஆல்பங்கள், வரிசையாக.]

1989இல் ‘டூலிட்டில்’, 1990இல் ‘பாஸநோவா’, 1991இல் ‘ட்ரோம்ப் ல மோண்ட்’. ஆல்பத்துக்கு ஆல்பம் கிம்மின் பாடல்கள் குறைந்து, கடைசியில் இல்லாமலே போயின. அவரை இன்னும் நிறைய எழுதவிட்டிருக்க வேண்டும் என்று கோபேன் வெளிப்படையாகவே சொன்னார். நானும் அதே கட்சி. 1993 ஜனவரியில் பிளாக் பிரான்சிஸ் பிபிசி வானொலிப் பேட்டியில் குழு முடிந்துவிட்டது என்று அறிவித்தார். சாண்டியாகோவுக்குத் தொலைபேசியில் சொன்னார். கிம்முக்கும் லவரிங்குக்கும் ஃபேக்ஸ் அனுப்பினார். ஏழு வருட உழைப்பு ஒரு ஃபேக்ஸ் தாளில் முடிந்தது.

ஆனால் கிம் காத்திருக்கவில்லை. எழுதிய பாட்டுகளுக்கு இடம் வேண்டும் என்று 1989லேயே ‘த பிரீடர்ஸ்’ குழுவைத் தொடங்கி, 1990இல் ‘பாட்’ ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். கோபேன் பட்டியலின் மூன்றாம் இடம் இதுதான். இங்கே கிம் கையில் கிட்டார். பேஸ் வாசிப்பவர் ஜோசஃபின் விக்ஸ். சகோதரி கெல்லியையும் பிறகு கிட்டாருக்கு இழுத்துக்கொண்டார். கெல்லிக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! பேஸ் வாசித்திராத தன்னை ஒரு குழு நம்பியது போல, கிம்மும் தன் சகோதரியை நம்பினார்.

1993 ஆகஸ்ட். ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ ஆல்பம், அதில் ‘கேனன்பால்’ என்ற பாட்டு. மறுபடி ஹெட்போன். தொடக்கத்தில் ஹார்மோனிகாவுக்கான மைக்கில் கிம் பாடுகிறார். குரல் நசுங்கி, கரகரத்து வருகிறது. அப்புறம் பேஸ் தனியாக ஒரு மெட்டை வாசிக்கிறது. கவனமாகக் கேளுங்கள், ஒரு ஸ்வரம் அரைப்படி கீழே இருக்கிறது. கிட்டார் உள்ளே வந்ததும் பேஸ் அதே மெட்டைச் சரியான ஸ்வரத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. ஒத்திகையின்போது விக்ஸ் தவறிப்போய்த் தவறான இடத்தில் விரல் வைத்தார். மற்றவர்கள் சேர்ந்ததும் திருத்திக்கொண்டார். எல்லோருக்கும் அது பிடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஒரு ஸ்வரம் கோணலாக இருப்பதால்தான், அது நேராகும் நொடியில் நமக்குச் சிரிப்பு வருகிறது, உடம்பு ஆடத்தொடங்குகிறது. இதை அழிக்காமல் விட ஒரு காது வேண்டும். கிம்மிடம் அது இருந்தது.

ஆல்பம் அமெரிக்காவில் பிளாட்டினம் ஆனது, அதாவது பத்து லட்சம் பிரதிகளுக்கான அங்கீகாரம். இன்னொரு ஆச்சரியம். 1996இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’, த பிராடிஜி குழுவின் அனல் பறக்கும் நடனப் பாட்டு. அதில் திரும்பத் திரும்ப ஊளையிடும் அந்தக் கிட்டார் ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ ஆல்பத்திலிருந்து எடுத்தது. அந்தப் பாட்டை எழுதியவர்கள் பெயர்களில் கிம் டீலும் ஒருவர்.

[திரையில்: ஆண்டுகள் வேகமாக ஓடுகின்றன.]

2004இல் பிக்ஸீஸ் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள், 2013 ஜூனில் கிம் விலகினார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த மூவருமே பெண்கள்தான். பிரீடர்ஸின் ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ கால நால்வரும் மீண்டும் சேர்ந்து 2018இல் ‘ஆல் நெர்வ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2024இல் பாப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் நிகழ்ச்சிகளுக்கு முன்னதாக நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தார்கள். ரோட்ரிகோ பிறந்தது 2003இல், ‘கேனன்பால்’ வெளிவந்து பத்து வருடம் கழித்து.

கிம்மிடம் எனக்கு மிகவும் பிடித்த பிடிவாதம் ஒன்று. ‘ஆல் வேவ்’ என்று பெயர் வைத்து ஒரு கொள்கையை வகுத்தார்: பதிவு, கலவை, இறுதிப் பிரதி என எதிலும் கணினி நுழையக்கூடாது, எல்லாம் காந்த நாடாவில்தான். கணினியில் கோணல் ஸ்வரத்தை ஒரு நொடியில் நேராக்கிவிடலாம். நாடாவில் அது அவ்வளவு சுலபமில்லை. மறுபடி வாசிக்க வேண்டும், அல்லது இருப்பதை நேசிக்க வேண்டும்.

இந்த வருடங்களில் அவர் டேட்டனில்தான் இருந்தார். அம்மாவுக்கு அல்சைமர் நோய். கிம் உடனிருந்து பார்த்துக்கொண்டார். ஒருநாள் வீட்டின் நடைவழியில் அம்மா அவரை நிறுத்தி, “நீ என்னுடையவளா?” என்று கேட்டார். மகளின் பெயர் நினைவில் இல்லை, ஆனால் ஏதோ ஓர் உரிமை மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கேள்வியே ‘ஆர் யூ மைன்’ என்ற பாட்டானது. கிம் டீல் என்ற பெயரில் வந்த முதல் தனி ஆல்பமான ‘நோபடி லவ்ஸ் யூ மோர்’ தொகுப்பில் அது இருக்கிறது. 2024 நவம்பரில் வெளியானது, அப்போது அவருக்கு 63 வயது. அதில் ஒரு பகுதியைப் பதிவு செய்தவர் அதே ஸ்டீவ் ஆல்பினி. ஆல்பம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பு, மே மாதம், அவர் இறந்துவிட்டார்.

[திரையில்: மூன்று ஆல்பம் உறைகள்.]

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதலில் ‘ஜைகான்டிக்’, அடுத்து ‘கேனன்பால்’, அப்புறம் ‘ஆர் யூ மைன்’. இந்த வரிசையிலேயே கேளுங்கள். கேட்டு முடித்ததும் பேஸ் தனியாகத் தொடங்கும் பாட்டுகளில் ‘ஜைகான்டிக்’கை மிஞ்சும் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், பெயரைக் கீழே எழுதுங்கள். அதிகப் பேர் சொல்லும் பாட்டைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன். சேனலை சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள். வணக்கம்.