கை எங்கே?

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கே பாதிப் பேர் வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள், மீதிப் பேர் சும்மா ஆர்வத்தில் வந்தவர்கள் என்று சொன்னார்கள். சரி, இரண்டு தரப்புக்கும் பழக்கமான ஒன்றிலிருந்தே தொடங்கலாம். தினமும் நம் போனில் 'அன்றாட வாழ்க்கைக்குப் புதுமையான பொருட்கள்' என்று படங்கள் வந்து விழுகின்றனவே, அவற்றைப் பற்றிச் சொல்கிறேன். குடைப்பிடிக்குள் டார்ச், மடித்தால் பையாகும் நாற்காலி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் குப்பைக்கூடை. வெள்ளைப் பின்னணி, மெல்லிய நிழல், பளபளப்பு. ஒரு நிமிடம் வியக்கிறோம், அடுத்ததற்குப் போய்விடுகிறோம்.

அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதில் கை இருக்கிறதா? ஈரக் கை, நடுங்கும் கை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றையாய் மிஞ்சிய கை? பெரும்பாலும் இருக்காது. படத்துக்கு அழகாக இருந்தால் போதும் என்று செய்தது அது. நான் இன்று பேசப்போவது கையிலிருந்து தொடங்கிய பொருட்களைப் பற்றி. பார்க்கப் பெரும்பாலும் சுவாரசியம் இல்லாதவைதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரவங்களை அளக்கும் குவளையை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் கோடு போட்டிருக்கும் அதே சாதாரணக் குவளைதான். அமெரிக்காவில் சமையல் கருவிகள் செய்யும் ஆக்ஸோ என்ற நிறுவனத்தார், இதில் என்ன குறை என்று மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். விழுந்தால் உடைகிறது, பிடி வழுக்குகிறது, சூடாகிறது என்று பதில்கள் வந்தன. எல்லாம் உண்மைதான். அப்புறம், 'சரி, கொஞ்சம் அளந்து காட்டுங்கள்' என்றார்கள். மக்கள் ஊற்றினார்கள். குனிந்து கோட்டைப் பார்த்தார்கள். நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். திரும்பக் குனிந்தார்கள். கூடிவிட்டது, கொஞ்சம் வெளியே கொட்டினார்கள். மறுபடி குனிந்தார்கள். 'எனக்குக் குனிய வேண்டியிருக்கிறது' என்று முன்பு ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அளப்பது என்றாலே குனிவதும் சேர்த்துத்தான் என்று உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது.

அதற்குக் கிடைத்த தீர்வு என்ன தெரியுமா? குவளைக்குள் சாய்வாக ஏறும் ஒரு வளைந்த விளிம்பு. அளவுகள் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும். நின்றபடி மேலிருந்து பார்த்தாலே எவ்வளவு என்று தெரியும். பேட்டரி கிடையாது, திரை கிடையாது, செயலி கிடையாது.

இதில் மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேள்வித்தாள் நிரப்பச் சொன்னால், மக்கள் தங்களுக்குத் தெரிந்த குறையைத்தான் எழுதுவார்கள். பழகிப்போன சிரமம் அந்தத் தாளில் வராது. பக்கத்தில் நின்று, வாயை மூடிக்கொண்டு, வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும். வாயை மூடுவதுதான் கஷ்டம்!

அதே ஆக்ஸோ பிறந்த கதையும் இதே ரகம்தான். சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவலி. காய்களின் தோல் சீவும் மெல்லிய உலோகக் கருவியை அவரால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அங்கிருந்து கிளம்பி, 1990-ல் ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்புக் குழுவோடு சேர்ந்து தடித்த கறுப்பு ரப்பர் பிடி வைத்த சீவியைக் கொண்டுவந்தார் ஃபார்பர். அந்தப் பிடியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பெருவிரலும் ஆட்காட்டி விரலும் படும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய செதில் செதிலான ரப்பர் வரிகள் இருக்கும். அழுத்தினால் விரலுக்கு ஏற்ப வளையும். ஈரமாக இருந்தாலும் வழுக்காது. அதைவிட முக்கியம், 'இங்கே பிடி' என்று எழுதாமலே சொல்லிவிடும். கடையில் மாட்டியிருக்கும்போதே ஆட்கள் அதைத் தடவிப் பார்க்காமல் போவதில்லை.

மூட்டுவலிக்காரருக்காகச் செய்தது மற்ற எல்லாருக்கும் பிடித்துப்போனது. 'ஊனமுற்றோருக்கான கருவி' என்று பெட்டியில் எழுதி ஓரமாக வைத்திருந்தால் இந்தளவு பரவியிருக்காது என்பது என் எண்ணம். தனக்குக் கை வலிக்கிறது என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டு தோல் சீவ யாருக்கு ஆசை?

இப்போது கொஞ்சம் விளையாட்டுப் பக்கம் போவோம். ஜப்பானில் 2000-ல் கென்யா ஹாரா என்ற வடிவமைப்பாளர் ஒரு கண்காட்சி நடத்தினார். தினசரிப் பொருட்களைப் புதிதாக யோசிக்கச் சொல்லி வடிவமைப்பாளர்களிடம் கொடுத்தார். கட்டடக் கலைஞர் ஷிகேரு பானுக்குக் கிடைத்தது டாய்லெட் பேப்பர். அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம். நடுவில் இருக்கும் அட்டைக் குழலை வட்டத்திலிருந்து சதுரமாக்கினார். சதுரத்தின் மேல் சுற்றியதால் சுருளும் சதுரமாகிவிட்டது. வட்டச் சுருளை லேசாக இழுத்தாலே சரசரவென்று ஓடி வரும், தேவைக்கு மேல் வந்துவிடும். சதுரச் சுருள் ஒவ்வொரு மூலையிலும் கடகடவென்று தடுக்கும். அந்தத் தடுப்பே 'போதும்' என்று கைக்குச் சொல்லும். அடுக்கி வைத்தாலும் இடையில் வெற்றிடம் மிஞ்சாது, ஏற்றிச் செல்ல இடம் குறையும்.

எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் இதை நான் வீட்டில் வைப்பேனா? மாட்டேன். ஒவ்வொரு முறையும் கடகடவென்றால் எரிச்சல்தான் வரும். பானுக்கும் இது தெரியாமல் இருக்காது. விற்பதற்காக இல்லாமல், நாம் யோசிக்காமலே வீணாக்குகிறோம் என்பதைக் கையில் உணர வைப்பதற்காகச் செய்த பொருள் இது. கருத்து வடிவமைப்பு என்பதற்கு அப்படி ஒரு வேலை உண்டு. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, ஆனால் கடைப்பொருளோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவும் கூடாது.

அதே நாட்டில் கென்ஜி கவகாமி என்பவர் 'சிந்தோகு' என்று ஒரு கலையே தொடங்கிவைத்தார். ஷூ நனையாமல் இருக்க, ஷூவுக்கு மேல் குட்டிக் குடை! அதற்கு விதிகளும் உண்டு. பொருளை நிஜமாகவே செய்திருக்க வேண்டும், விற்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது. பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் உபயோகித்தால் மானம் போகும். இந்த ரகச் சாமான்களை உண்மையென்று நம்பி முதலீடு திரட்டுபவர்களைவிட இவர் எவ்வளவோ நேர்மையானவர்.

முதலீடு என்றதும் ஜூசெரோ என்ற நிறுவனம் நினைவுக்கு வருகிறது. சுமார் 12 கோடி டாலர் திரட்டி, வைஃபை வைத்த பழச்சாறு இயந்திரம் செய்தார்கள். நறுக்கிய பழம் அடைத்த பையை உள்ளே வைத்தால் பிழிந்து தரும். 2017-ல் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பையை வெறும் கையால் பிழிந்து காட்டினார்கள். அதே ஆண்டு ஜூசெரோ கடையை மூடிவிட்டது. இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, என்னை மிகவும் யோசிக்க வைத்த பொருளுக்கு வருகிறேன். மாத்திரை டப்பாவின் மூடி.

குழந்தைகள் மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து விழுங்குவது ஒரு காலத்தில் மருத்துவமனைகளுக்குப் பெரிய தலைவலி. கனடாவின் வின்ட்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர் இதைப் பார்த்துச் சலித்துப்போய், 1967-ல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பும் மூடியைக் கொண்டுவர வழிசெய்தார். தந்திரம் எளிது. குழந்தைக்கு அழுத்தத் தெரியும், திருகவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் வராது. விஷமேறி வரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அமெரிக்காவில் 1970-ல் சட்டமே வந்தது.

ஆனால் மாத்திரை அதிகம் சாப்பிடுபவர் யார்? வயதானவர், மூட்டுவலிக்காரர். அவருக்கும் அழுத்திக்கொண்டே திருகுவது வராது! திறந்த டப்பாவை மூடாமலே வைத்துவிடுவார், அல்லது மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டிவைப்பார். பேரக்குழந்தை வீட்டுக்கு வரும் நாளில் பாதுகாப்பு மூடி இருந்தும் இல்லாத கதைதான்.

இதற்கு அமெரிக்கச் சோதனை விதிகளில் செய்த ஏற்பாட்டை வடிவமைப்பு மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மூன்றரை வயது முதல் நான்கேகால் வயதுவரை உள்ள குழந்தைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து டப்பாவைக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் விடுகிறார்கள். திறக்கவில்லையென்றால், பெரியவர் ஒருவர் அவர்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டுகிறார். வேண்டுமானால் பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்லி இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் 80 சதவீதக் குழந்தைகளால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். அதே டப்பா பெரியவர்களுக்கும் போகிறது. 1995-ல் விதியைத் திருத்தியபோது இந்தப் பெரியவர்கள் 50 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பு 18 முதல் 45 வயதுக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். இளங்கைகள் எல்லாவற்றையும் திறந்துவிடும், அப்புறம் சோதனை எதற்கு? இப்போது அந்த மூத்தவர்களில் 90 சதவீதத்தினராவது திறந்து, திரும்பச் சரியாக மூட வேண்டும்.

அந்த 'திரும்ப மூட வேண்டும்' என்பதைக் கவனியுங்கள். திறப்பதை மட்டும் சோதித்திருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். நம் போனில் வரும் அழகான படங்கள் எல்லாம் பொருள் முதல்முறை திறக்கும் கணத்தோடு நின்றுவிடுகின்றன. மூடுவது, கழுவுவது, அடுக்கில் வைப்பது, உள்ளே சிக்கிய அழுக்கை எடுப்பது, ஒரு திருகாணி கழன்றால் மாற்றுவது, இதெல்லாம் படத்துக்கு வெளியே. மாணவர்கள் ஒரு பொருளின் மாதிரியைச் செய்து கொண்டுவரும்போது நான் முதலில் கேட்பது 'இதை எப்படிக் கழுவுவீர்கள்' என்றுதான். பாதிப் பேர் அந்த இடத்திலேயே மாதிரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வரும்போது வேறு மாதிரியாக வருகிறது, பெரும்பாலும் பாகங்கள் குறைந்து.

என் நேரம் முடிந்தது என்று சைகை வருகிறது. கேள்விகளுக்கு வரலாம். பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார், மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.